அளந்த பிறகு வெட்டலாம்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது. சிலமலையில் எங்கள் வீட்டில் எல்லாமே மண்வெட்டி பிடித்த கைகள். நான் ஒருவன்தான் பேனாவைப் பிடித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் மலைவாழ் மக்களுக்கென்று ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். எழுத்தர் வேலைக்கு நேர்காணல் போனபோது அதிகாரி என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இத நீயா எழுதுன?” என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்காக அழுதவர் யாரும் இல்லை.

அலுவலகம் என்றால் இரண்டு அறை. முன்னறையில் நான், பின்னறையில் அதிகாரி. வேலைகளை அளந்து எழுத ஓவர்சீயர் ஒருவர். ஒரு ஜீப்பு. அது மலையில் ஓடிய நாளைவிட ஒர்க் ஷாப்பில் படுத்திருந்த நாள் அதிகம். தெருவெல்லாம் ஏலக்காய் மணக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டு ஆகா என்பார்கள். எங்களுக்கு அது தலைவலி வாசனை.

எங்கள் பொறுப்பில் இருந்த குடியிருப்புகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அடிவாரம் வரை பஸ்சு, அதற்கு மேல் மூன்று மணி நேர ஏற்றம். பளியர் குடி. இருபத்திரண்டு வீடு, எல்லாம் மூங்கில் தட்டியும் புல் கூரையும். குடிக்கு மேலே சோலைக்காடு, அதற்கும் மேலே யாரோ ஒரு முதலாளியின் ஏலத்தோட்டம். குடிக்குக் கீழேயும் இரு பக்கமும் புல்சரிவு. ஆளுயரப் புல், கையில் கசக்கினால் எண்ணெய் வாசனை அடிக்கும். அந்த எண்ணெய்தான் ஆபத்து. மாசி பங்குனியில் அது காய்ந்து நிற்கும்போது அடிவாரத்தில் யாராவது பீடியை அணைக்காமல் போட்டால் போதும், தீ மேல்நோக்கி ஓடும். மனிதன் ஏறுவதைவிட வேகமாக ஏறும்.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு தை மாதம், ரேஷன் அட்டைக்குப் பெயர் எழுத. போன அன்று வேலை முடியாமல் அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் விடிந்தபோது ஒரு வீட்டிலும் அடுப்பு புகையவில்லை. காப்பித்தண்ணி கிடைக்காத எரிச்சலோடு வெளியே வந்தால், குடி முழுக்கப் புல்லின் ஓரத்தில் நிற்கிறது. ஆண், பெண், பிள்ளைகள், எல்லார் கையிலும் இலையோடு ஒடித்த பச்சைக் கிளை. புல்லில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் தீ வைத்தார்கள். தீ என்றால் எங்கள் ஊரில் சோளத்தட்டை எரிவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. புகைதான் அதிகம். இரண்டு முழம் எரியும், நனைந்த இடத்தில் நிற்கும், மறுபடி பற்றவைப்பார்கள். எல்லை தாண்டப் பார்த்தால் கிளையால் இரண்டு அடி, அடங்கிவிடும்.

புல்லை ஒட்டிய முதல் வீட்டுப் பெண்ணிடம், ஏன் தாயி ஒருத்தரும் அடுப்புப் பத்தவைக்கவில்லை என்று கேட்டேன். என் வயிறு கேட்கவைத்தது.

“சரிவுத் தீ அணையாம வீட்டுத் தீ வைக்க மாட்டோம் சாமி. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க ஆளு ஏது?” என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் குடியைச் சுற்றி, காலால் இருபது எட்டு வைக்கும் அகலத்துக்குக் கரும்பட்டை ஒன்று விழுந்துவிட்டது. வருடா வருடம் இப்படித்தான் என்றார்கள். மாசியில் கீழிருந்து தீ வந்தாலும் அந்தப் பட்டை வரைக்கும்தான் வரும். தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். போன வருடம் வந்து நின்ற இடத்தை அவளுடைய புருசன் காட்டினார். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து அடிவாரம் வரை லோடு இறக்குகிறவர். அதிகம் பேச மாட்டார். சாமி சாமி என்று கூப்பிடாதீர்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன். “சரி சாமி” என்றார்.

காட்டில் தீ வைப்பது குற்றம் என்பது பழைய சட்டம். அதுவரை இருந்த வனத்துறைக்காரர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஒரு வருடம் புதிதாக ஒருவர் வந்தார், அவர் கண்டுவிட்டார். குடியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் முதல் வீட்டுக்காரரும் ஒருவர். பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வெளியே வந்த அன்று பஸ்சுக்கு நேரம் இருந்ததால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். பெஞ்சு அழுக்காகிவிடும் என்று பயந்தவர்போல முக்கால்வாசி உடம்பு வெளியே இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். இனிமேல் தீ வைக்க மாட்டோம் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்றார்.

“பனி இருக்கையில நாங்க வைக்கலன்னா, பனி இல்லாதப்ப அதுவா வரும் சாமி. அத யாரு உள்ள போடுவாக?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்று நினைத்தாலும் அது கெட்ட யோசனை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. எரிக்கக் கூடாது, அவ்வளவுதானே? வெட்டலாமே. அதே இருபது எட்டுப் பட்டையை அரிவாளால் வெட்டிப் புல்லை அள்ளி அப்புறப்படுத்தினால் அதற்குப் பெயர் தீத்தடுப்புக் கோடு. மேலே ஏலத்தோட்டத்துக்காரர் வருடா வருடம் ஆள் வைத்து வெட்டுகிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. குடிக்காரர்களும் வெட்டலாம்தான். ஆனால் பத்து நாள் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வெட்டினால் அந்தப் பத்து நாளும் சோறு கிடையாது. எரிப்பது ஒரு காலை வேலை; வெட்டுவது குடி முழுவதற்கும் பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாள் கூலியை அரசாங்கம் கொடுத்தால்? காடும் பிழைக்கும், குடியும் பிழைக்கும், சட்டமும் தன் பாட்டுக்கு இருக்கும். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து திட்டக் குறிப்பை எழுதினேன். ஆறு பக்கம், ஓர் அடித்தல் கிடையாது. அதிகாரி படித்துவிட்டு, “நல்லா எழுதீருக்கப்பா” என்று கையெழுத்துப் போட்டார். திட்டம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்தத் தாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒரு வருடம் பதிலே இல்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தது. குடியிருப்பின் சர்வே எண் குறிப்பிடப்படவில்லையாம். காட்டுக்குள் இருக்கும் குடிக்குச் சர்வே எண் ஏது? அதை எழுதி அனுப்பினேன். அப்படியானால் அந்தக் குடியிருப்பு அங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார்கள். நான் ரேஷன் அட்டைகளைப் படியெடுத்து அனுப்பினேன். அதற்கடுத்த வருடம், தீயினால் இதுவரை ஏற்பட்ட சேத விவரம் என்ன என்று கேட்டு வந்தது. இதுவரை சேதம் இல்லை, ஏனென்றால் இதுவரை எரித்துவந்தார்கள் என்று எழுத முடியுமா? எழுதினால் மறுபடி வழக்கு. சேதம் ஏற்படக்கூடும் என்று எழுதினேன்.

இந்த மூன்று வருடமும் குடிக்காரர்கள் பாதி வேலை செய்தார்கள். வேலை இல்லாத நாட்களில், பொழுது சாயும் நேரங்களில், வீட்டை ஒட்டி ஐந்தாறு எட்டு வெட்டினார்கள். தெய்வாதீனமாகத் தீ அந்தப் பக்கம் வரவில்லை. போடிக்கு வருகிறபோதெல்லாம் முதல் வீட்டுக்காரர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்ப்பார். நான் தலையசைத்து இல்லை என்று சொல்வேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போவார்.

நான்காவது வருடம், பொங்கல் கழிந்து நாலாவது நாள், அனுமதி உத்தரவு வந்தது.

என் வாழ்க்கையில் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். போடி பஜாரில் இரண்டு கிலோ மிக்சர் கட்டிக்கொண்டு மறுநாளே மலை ஏறினேன். வழியெல்லாம் புல் என் தலைக்கு மேல் நின்றது. பனி விழுந்து சட்டை நனைந்தது. முதல் வீட்டை நெருங்கும்போதே சரசரவென்று சத்தம். அந்தப் பெண் அரிவாளோடு வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு முன்னால் பத்து எட்டுக்கு நீளமாகச் சுத்தம் செய்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். குனிய முடியாமல் மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால் உத்தரவின் இரண்டாம் பக்கத்தை நான் படித்திருந்தேன். வேலை தொடங்கும் முன் ஓவர்சீயர் வந்து புல் நிற்கும் பரப்பை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளப்பதற்கு முன் செய்த வேலைக்குக் கூலி கிடையாது. முன் அளவு என்று அதற்குப் பெயர். பழைய பள்ளத்தைப் புதிதாக வெட்டியதாகக் கணக்குக் காட்டிய கான்டிராக்டர்களால் வந்த விதி அது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குடியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, அளப்பதற்கு முன்பே வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். ஒரு பைசா வரவில்லை. அந்தப் பெண்கள் அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை முன்னறையில் இருந்து பார்த்தவன் நான். அது எனக்குள் அப்படியே இருந்தது.

“நிப்பாட்டு தாயி, நிப்பாட்டு,” என்று ஓடினேன். “அளக்காம வெட்டுனா கூலி கிடையாது. உனக்கு மட்டும் இல்ல, மொத்தக் குடிக்கும் போயிரும். கெடுத்துறாத.”

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். தப்புச் செய்துவிட்டவள்போல, வெட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“எம்புட்டு நாளு ஆகும் சாமி?”

“ஒரு வாரம். அதுக்குள்ள ஓவர்சீயர் வந்துருவாரு.”

குடியைக் கூட்டி உத்தரவைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள், மிக்சர் சாப்பிட்டார்கள். முதல் வீட்டுக்காரர் மட்டும் மேலே பார்த்துவிட்டு, பனி இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்தான் என்றார். அதற்கப்புறம் எல்லாரையும் பார்த்து, “சார் சொல்லீட்டாரு. அளக்குற வரைக்கும் ஒருத்தரும் புல்லத் தொடக் கூடாது,” என்றார். எல்லாரும் சரி என்றார்கள். வேலை செய்ய வேண்டிய ஆட்களின் பட்டியலை அங்கேயே எழுதினேன். முதல் பெயர் அவருடையது.

எங்கள் சிலமலையில் இப்படி ஓர் உத்தரவைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முன்னாடி தலையை ஆட்டுவார்கள். நான் பஸ் ஏறியதும் பாதியை வெட்டிவிட்டு, அளக்க வரும்போது, “மாடு மேஞ்சிருச்சுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். குடிக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்து, கைநாட்டு வைத்ததற்காக மூன்று வருடம் புல்லில் ஒரு தீக்குச்சி உரசாதவர்கள். தொடாதே என்றால் தொட மாட்டார்கள். நான் அதையும் யோசித்திருக்க வேண்டும். ஒரு ஏழு மாதக்காரி மண்டியிட்டு வெட்டுகிறாள் என்றால் அவளுக்கு எதைக் கண்டு பயம் என்று யோசித்திருக்க வேண்டும். நான் கூலியைப் பற்றி மட்டுமே யோசித்தேன்.

முதல் வாரம் ஜீப்புக்கு ஏதோ உடைந்துவிட்டது. பஸ்சில் போகலாமே என்றேன். அளவுச் சங்கிலியைச் சுமந்துகொண்டு பஸ்சில் போகச் சொல்கிறாயா என்று ஓவர்சீயர் கேட்டார். இரண்டாவது வாரம் அவர் மைத்துனர் வீட்டுக் கல்யாணம், திருமங்கலம் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் சோலி இருக்கிறது. மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று அதிகாரி எல்லாரையும் போடியிலேயே பிடித்துவைத்துக்கொண்டார். நான் இரண்டு முறை எழுத்து மூலமாக நினைவூட்டினேன். என் கையெழுத்தில் அழகாக. வாயைத் திறந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்குமா? போகாது. ஒரு குமாஸ்தா கத்தினான் என்று சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

முதல் வீட்டுக்காரர் இரண்டு தடவை மலை இறங்கி வந்தார்.

“அளக்குற ஆளு எப்ப வருவாரு சாமி?”

“திங்கக்கிழமை.”

அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில். இரண்டாம் தடவை அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, “பனி நின்னு போச்சு. காத்து மாறிருச்சு. கொஞ்சம் வெரசா வரச் சொல்லுங்க,” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மாசி நடுவில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பேர் மலையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையின் நடு வயிற்றில் புகை. வெள்ளைப் புகை இல்லை, மஞ்சளும் கறுப்புமாக. அது எந்த இடம் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியாததுபோல இன்னொருவரிடம் கேட்டேன். “பளியங்குடிப் பக்கம் மாதிரி இருக்கு” என்றார். டீக்கடைக்காரர் பால் பொங்குகிறதைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். ஓட வேண்டும் என்று தோன்றியது, எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. மூன்று மணி நேர ஏற்றம்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் போனேன். சரிவு முழுக்கக் கறுப்பு. நடந்தால் கால் சுட்டது. குடியில் கீழ்ப்பக்கம் ஒன்பது வீடு இல்லை. மூங்கில் வெடித்து அங்கங்கே கிடந்தது. மேல்பக்க வீடுகள் தப்பியிருந்தன. ஏலத்தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய கோடு அவர்களைக் காப்பாற்றிவிட்டது.

முதல் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகளையும் வயசானவர்களையும் மேலே சோலைக்குள் ஏற்றிவிட்டு, பச்சைக் கிளையோடு நாலு பேர் கீழே வந்திருக்கிறார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். அவரைப் புகை அமுக்கிவிட்டது. அவளைச் சோலை ஓரத்தில் பார்த்தேன். அழுது முடித்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி நடந்தது தாயி என்று கேட்டுவைத்தேன்.

“தீ தூரத்துல வாரப்பவே பாத்துட்டோம். எதுத்தாப்புல நாமளும் ஒரு தீ வச்சு விட்ருவோம், ரெண்டும் மோதி நின்னுரும்னு எல்லாரும் சொன்னாக. தீப்பெட்டியக் கையில எடுத்தாரு. பெறகு வச்சுட்டாரு.”

“ஏன்?”

“வைக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்துருக்கோம்ல சாமி.”

அவள் வெட்டி வைத்திருந்த அந்தப் பத்து எட்டு இடத்தில் மட்டும் தீ கொஞ்சம் தயங்கியிருக்கிறது. தரையில் கருகாத பச்சைத் துளிர்கள் நின்றன. இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓவர்சீயர் பங்குனியில் வந்தார். ஜீப்பு சரியாகிவிட்டது. அடிவாரத்திலிருந்து ஏறி வந்து மூச்சு வாங்க நின்று, கருகிய சரிவைப் பார்த்தார். மார்ச் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் அடுத்த வருடம் கேட்க வாயிருக்காது. அவர் யோசித்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்தார். புல் இல்லாத பரப்பை அளந்தார். அது கோட்டின் அளவைவிட எத்தனையோ மடங்கு அதிகம். கோடு சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். “அந்தச் சனங்களுக்குக் கூலியாவது போய்ச் சேரட்டும்யா. வேற என்ன செய்யச் சொல்ற?” என்று என்னிடம் கேட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாமே ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

முன் அளவையும் பின் அளவையும் நான்தான் எழுதினேன். தீ விபத்து அறிக்கையையும் நான்தான் எழுதினேன். அது அதிகாரி சொல்லச் சொல்ல எழுதியது: தீத்தடுப்புக் கோடு முறையாக அமைக்கப்பட்டிருந்தும் குடியிருப்போரின் கவனக்குறைவால் தீ ஏற்பட்டது. அந்த வரியில் பேனா நின்றது. அதிகாரி, “எழுதுப்பா” என்றார். எழுதினேன். அடித்தல் இல்லாமல்.

கூலி கொடுக்கப் போனபோது எரிந்த வீடுகளின் இடத்தில் புதிய தட்டிகள் நின்றன. கூரைக்குப் புல் இல்லை, இலையைப் போட்டிருந்தார்கள். பட்டியலைப் படித்தேன். முதல் பெயரைப் படிக்காமல் தாண்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பழக்கத்தில் வாய் படித்துவிட்டது. ஒப்புதல் வாங்கிய பட்டியலில் ஒரு பெயரை நீக்கினால் மறுபடி முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும் என்பதால் அது அப்படியே இருந்தது. அவள் எழுந்து வந்தாள். கையில் பிள்ளை, பிறந்து இருபது நாள் இருக்கும்.

“அவருக்கும் போட்டுருக்கா?”

“போட்டிருக்கு தாயி.”

“எத்தன நாளு?”

“பத்து நாளு.”

எந்தப் பத்து நாள் என்று அவள் கேட்கவில்லை. பட்டியலில் தேதி இருந்தது. அந்தத் தேதிகளில் அவர் மண்ணுக்குள் இருந்தார். பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவர் பெயருக்கு எதிரே விரலை வைத்தாள். மை விரலில் சரியாக ஒட்டவில்லை, நான் அவள் கையைப் பிடித்து இன்னொரு முறை அழுத்த வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த வருடம் நல்ல மழை. ஐப்பசிக்குள் சரிவு மறுபடி மூடிவிட்டது. எரிந்த மண்ணில் புல் இன்னும் வாட்டசாட்டமாக வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோடு அமைத்தாகிவிட்டது என்று கோப்பில் இருந்ததால் அந்தக் குடிக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு நிதி கேட்க முடியாது. தீ விபத்து நடந்த பகுதி என்பதால் சரிவில் புல் வெட்டக்கூட முன் அனுமதி வேண்டும் என்று புது உத்தரவும் வந்திருந்தது.

அடுத்த தை. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். அவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். தனியாக இறங்கி வந்திருக்கிறாள். பெஞ்சில் உட்காரவில்லை.

“புல்லு ஆள் ஒசரம் வந்துருச்சு சாமி. இந்த வருசம் அளக்க வருவாகளா, இல்ல நாங்களே வெட்டிக்கிரலாமா? கூலி வேண்டாம்னு எல்லாரும் சொல்லீட்டாக.”

வெட்டு என்று ஒரு வார்த்தை. எனக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் நாளைக்கு யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள், யார் சொன்னது என்று கேட்பார்கள், அவள் மறைக்கத் தெரியாமல் என்னைக் காட்டுவாள். இதெல்லாம் கண நேரத்தில் மனதில் ஓடியது. கேட்டுச் சொல்கிறேன் தாயி என்றேன்.

அவள் சரி என்று வெளியே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது படியில் உட்கார்ந்திருந்தாள், கேட்டுச் சொல்வதற்காக. திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அன்று மதுரையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவரு இன்னைக்கு வரல தாயி, வந்ததும் கேட்டு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்புறேன் என்றேன்.

அவள் எழுந்து பிள்ளையை முதுகில் கட்டினாள்.

“அதுவரைக்கும் புல்லத் தொட வேண்டாமா சாமி?”

வேண்டாம் என்றேன்.